எடிட்டரில் ஒரு கடுகளவு

நாச்சிமுத்துவுக்குக் குரு வாய்த்தபோது அவருக்கு ஐம்பது வயது. குரு வசுமதிக்கு முப்பத்திரண்டு. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து, கம்ப்யூட்டரைத் தொடாமல் செத்துப்போகக் கூடாது என்று வேலையை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வந்து சேர்ந்தார். வசுமதியை அவர் டீச்சர் என்பார். வசுமதி அவரை சார் என்பார். இருவரும் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

பம்ப்செட் கம்பெனிகளுக்குக் கையேடு எழுதிக்கொடுப்பது அங்கே தொழில். யூனிக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றே ஒன்று. அதிலிருந்து ஆளுக்கொரு டெர்மினலுக்கு வயர் போகும். திரைதான் தனித்தனி, மெமரி எல்லாருக்கும் பொது.

எழுதுவதற்கு எடிட்டர் என்று ஒரு புரோகிராம் இருந்தது. அதற்குத் தெரியாத வித்தை கிடையாது. தேடும், மாற்றும், பத்தி பிரிக்கும், கேட்டால் கணக்கும் போடும். அத்தனை வித்தைக்கும் மெமரி வேண்டுமே! யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். இரண்டு பேர் திறந்தால் பொறுத்துக்கொள்ளும். மூன்றாவது ஆள் திறந்தால் டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்கிவிடும். அடித்த எழுத்து திரைக்கு வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டுவிடலாம்.

“டீச்சர், இதைக் கொஞ்சம் இளைக்க வெக்கலாமுங்களா?” என்று கேட்டார் நாச்சிமுத்து. “அதை எழுதுன சோர்ஸ் கோடு நம்ம கையிலதான இருக்குது. வேண்டாததை வெட்டிட்டு மறுபடி கம்பைல் பண்ணுனா?”

“வெட்டலாம் சார். எது வேண்டாததுன்னு யாரு சொல்லுவாங்க?”

“எல்லார்த்தையும் கேட்டுட்டு வெட்டறனுங்க.”

“கேளுங்க” என்றார் வசுமதி. மறுநாள் அக்காவின் பிரசவத்துக்குப் பொள்ளாச்சி போய்விட்டார்.

நாச்சிமுத்து ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் கேட்டார். பக்கத்து நாற்காலியில் குணவதி. அதிர்ந்து பேசாத பெண்; அவள் அடித்த பக்கத்தில் பிழை தேடினால் கண்தான் வலிக்கும்.

“நான் என்னத்தைங்க சார்?” என்றாள், புடவைத் தலைப்பை இடது கைமேல் இழுத்து விட்டபடி. “அடிப்பேன், மேல கீழ போவேன், சேவ் பண்ணுவேன். அவ்வளவுதானுங்க.”

கேட்டதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வெட்ட உட்கார்ந்தார். ஒரு சின்னத் துண்டு மட்டும் அவரை நிறுத்தியது. எஸ்கேப் கீயைத் தட்டி விட்டுவிட்டு, அப்புறம் ஓர் எழுத்தைத் தட்டினால், கன்ட்ரோல் கீயோடு சேர்த்து அழுத்திய மாதிரி எடுத்துக்கொள்கிற ஏற்பாடு. கன்ட்ரோல் கீதான் விசைப்பலகையிலேயே இருக்கிறதே, அதை விட்டுவிட்டு எவன் சுற்றிவளைப்பான்? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்டினார்.

எடிட்டர் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. மூன்றாவது ஆள் திறந்தார், நான்காவது ஆள் திறந்தார், டிஸ்க் மூச்சு விடவில்லை. மேனேஜர் எல்லாருக்கும் போண்டா வாங்கிக்கொடுத்தார்.

குணவதி மட்டும் போண்டாவைத் தொடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தலைவலி என்று கிளம்பிப்போனவள், மறுநாள் வேலைக்கு வரவில்லை. வேலையை விட்டு நின்றுகொள்கிறாள் என்று அவள் தம்பி வந்து மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனான். காரணம் கேட்டதற்கு, ஒத்துவரவில்லையாம் என்றான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வசுமதி திரும்பி வந்தபோது நாச்சிமுத்து வெட்டியதையெல்லாம் காட்டினார். பெருமையாகத்தான் காட்டினார். அந்தச் சின்னத் துண்டு வந்ததும் வசுமதி மேலே படிக்கவில்லை.

“குணவதி எங்க சார்?”

சொன்னார்.

வசுமதி எழுந்து போய், விளிம்பு வரை டீ ஊற்றிய கிளாஸைக் கொண்டுவந்து அவருடைய இடது கையில் கொடுத்தார்.

“இதைப் பிடிங்க. கீழ வெக்கக் கூடாது. இப்ப முந்தின வரிக்குப் போங்க.”

அம்புக்குறி கீ இல்லாத அந்த டெர்மினலில் முந்தின வரிக்குப் போக, கன்ட்ரோலையும் பி என்ற எழுத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும். கன்ட்ரோல் கீ விசைப்பலகையின் இடது கோடியில். பி வலது கோடியில். நாச்சிமுத்து வலது கையை விரித்துப் பார்த்தார், எட்டவில்லை. முழங்கையை ஊன்றிப் பார்த்தார். டீ சட்டையில் கொட்டியது. சிரித்தார்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்தப் புள்ளையோட கை…”

“சின்ன வயசுக் காய்ச்சல்ல போனது. தூக்க முடியும், விரல் கேக்காது.”

“பக்கத்துலயே உக்காந்திருக்கறேன் டீச்சர், எனக்குத் தெரியலையே. ஆனா கேட்டனுங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?”

“எஸ்கேப் தட்டறது தனியா ஒரு வித்தைன்னே அவளுக்குத் தெரியாது சார். வந்த அன்னைக்கு, இப்படித்தான் அடிக்கணும்னு சொல்லிக்குடுத்தேன். ஊரே அப்படித்தான் அடிக்குதுன்னு நெனச்சுட்டிருக்கறா.”

அந்தத் துண்டு பிடித்திருந்த மெமரி கடுகளவு. நாச்சிமுத்து அதைத் திரும்பச் சேர்த்து, கம்பைல் பண்ணி, ஈரச் சட்டையோடு சிங்காநல்லூருக்குப் பஸ் ஏறினார்.

“கோளாறு மிஷின்லதான் அம்மணி” என்றார் குணவதியின் வீட்டு வாசலில் நின்று. “நான்தான் கெடுத்து வெச்சேன். ஒரே ஒருக்கா வந்து அடிச்சுப் பாரு.”

வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே எஸ்கேப் கீயைத் தட்டினாள், பி-யைத் தட்டினாள். கர்சர் முந்தின வரிக்கு ஏறியது. இன்னொரு தடவை தட்டினாள். ஏறியது.

“வருதுங்க சார்” என்றாள். “நான்… இந்தக் கையும் போகுதாட்ட இருக்குதுன்னு…”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வசுமதி அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். நாச்சிமுத்துவுக்கும் கண் நிறைந்துவிட்டது. குனிந்து, சரியாகவே இருந்த வயரைச் சரிசெய்தார்.

மதியத்துக்கு மேல், குணவதி தன் பக்கங்களை அடித்துக்கொண்டிருக்கையில், அவர் மறுபடி சோர்ஸ் கோடைத் திறந்து அந்தத் துண்டின் முன்னால் உட்கார்ந்தார்.

“டீச்சர்” என்றார் மெதுவாக. “நாளைக்கு என்னாட்டம் இன்னொரு புத்திசாலி வருவான். இது வேணும், வெட்டாதேன்னு பக்கத்துல ஒரு வரி எழுதி வெக்கட்டுங்களா?”

“எழுதுங்க சார்.”

“யாருக்கு வேணும்னு எழுதறதுங்க? அந்தப் புள்ள பேரைப் போட்டா, படிக்கறவன் எல்லாம் அவ கையைப் பார்ப்பான். பேரில்லாம உட்டா, வெட்டிப்போடுவான்.”

வசுமதி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நாச்சிமுத்துவுக்கு வேணும்னு எழுதுங்க.”