கொம்புக்காரி

மூங்கில் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதன் அருகே புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. கூட்டத்தின் தலைவன் கவையன். அவன் தலையில் கவை கவையாகக் கிளைத்த பெரிய கொம்பு இருந்தது. கொம்பு பெரிதாக இருப்பவனே தலைவன் என்பது மான்களின் வழக்கம். அந்தக் கொம்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு நரி புதருக்குள்ளிருந்து பாய்ந்தது. கவையனின் குட்டியைத் துரத்தியது. அரும்பி என்ற இளம் பெண்மான் குறுக்கே ஓடி வந்தாள். முன்னங்கால்களைத் தூக்கி நரியின் மூக்கிலேயே ஓர் உதை விட்டாள். நரி ஊளையிட்டுக்கொண்டே ஓடிப் போயிற்று.

"பலே, அரும்பி! நீ பெண்மானே இல்லை. கொம்புக்காரி!" என்றான் கவையன்.

"கொம்புக்காரி! கொம்புக்காரி!" என்று கூட்டமே வாலை ஆட்டிக் கொண்டாடியது.

அரும்பிக்குப் பெருமை தாங்கவில்லை. குளத்து நீரில் தலையைப் பார்த்துக்கொண்டாள். கொம்பு எதுவும் இல்லை. 'உதைத்தது கால். பெயர் கொம்புக்கா?' என்று நினைத்தாள். ஆனாலும் பாராட்டு இனிப்பாகத்தான் இருந்தது.

அன்று வெயில் கொளுத்தியது. மாலையில் எல்லோரும் தண்ணீர் குடிக்கக் கிளம்பினார்கள். வழக்கம்போல் கிழக்குக் கரையை நோக்கித்தான் நடந்தார்கள். கவையன் முன்னே நடந்தான். அரும்பி மூக்கை உயர்த்தினாள். காற்றில் சிறுத்தை வாடை!

"மாமா, நில்லுங்கள்! கிழக்குக் கரை நாணலில் சிறுத்தை படுத்திருக்கிறது. மேற்குக் கரைக்குப் போவோம். அங்கே மறைந்துகொள்ளப் புதரே கிடையாது. குட்டிகளுக்கு ஆபத்து இருக்காது."

கவையன் திரும்பிப் பார்த்தான்.

"வழி சொல்வது யார்? நீயா, நானா? கொம்புக்காரி!"

காலையில் சொன்ன அதே சொல்தான். இப்போது அதைக் காறித் துப்புவதுபோல் சொன்னான். இளம் ஆண்மான்கள் சிரித்தன.

"இவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் பாவமப்பா!"

அரும்பியின் சித்தி அவள் காதருகே வந்தாள். "ஏண்டி, வாயை மூடிக்கொண்டு வரக்கூடாதா? கொம்புக்காரி என்று பெயர் விழுந்தால் உன்னை எவன் சீண்டுவான்?"

"காலையில் இதே பெயருக்கு நீங்களும்தானே வாலை ஆட்டினீர்கள், சித்தி?"

மரத்தின் மேலிருந்த கருங்குரங்குக்குச் சிரிப்பு வந்தது. "கவையண்ணே! காலையில் பட்டம், மாலையில் திட்டா?" என்று கேட்டது.

"காலையில் என் குட்டியைக் காப்பாற்றினாள். இப்போது எனக்கே யோசனை சொல்கிறாள். இரண்டும் ஒன்றா?" என்றான் கவையன்.

கிழக்குக் கரைக்கே நடந்தான். ஆண்மான்கள் அவன் பின்னே போயின. அரும்பி போகவில்லை.

"குட்டிகளா, என்னோடு வாருங்கள்!" என்று மேற்கே திரும்பினாள். குட்டிகளை விட்டுத் தாய்கள் போவார்களா? அவர்களும் அவள் பின்னே போனார்கள். சித்தி முணுமுணுத்துக்கொண்டே போனாள், ஆனால் போனாள்.

கவையன் தண்ணீரில் வாய் வைத்தான். நாணல் அசைந்தது. சிறுத்தை பாய்ந்தது! அதன் பிடியில் கவையனின் ஒரு கொம்பு சிக்கியது. அது கொம்பு உதிரும் பருவம். மளுக்கென்று கொம்பு கழன்று சிறுத்தையிடமே தங்கிவிட்டது. கவையன் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினான். மற்ற ஆண்மான்கள் அவனுக்கு முன்பே ஓடியிருந்தன. ஓடிய வேகத்தில் கவையனின் இன்னொரு கொம்பும் ஒரு தாழ்ந்த கிளையில் இடித்து விழுந்தது.

எல்லோரும் மேற்குக் கரையில் வந்து சேர்ந்தார்கள். குட்டிகள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. மூச்சு வாங்கியபடி ஓர் இளம் ஆண்மான் சொன்னது: "தலைவர் என்ன இப்படிப் பெட்டையைப்போல ஓடினார்!"

"எந்தப் பெட்டை ஓடினாள்? ஒருத்தியின் பெயரைச் சொல்!" என்றாள் அரும்பி.

அது சுற்றிலும் பார்த்தது. பிறகு தண்ணீர் குடிப்பதுபோல் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

மொட்டைத் தலையோடு கவையன் மெதுவாக அருகே வந்தான். குரலில் தேன் ஒழுகியது. "நாளைக்கு எந்தக் கரைக்குப் போகலாம், கொம்புக்காரி?"

"அரும்பி என்று கூப்பிடுங்கள், மாமா. கொம்பு எனக்கு என்றும் இருந்ததில்லை. உங்களுக்கும் இப்போது இல்லை. நாளைக்கும் மேற்குக் கரைதான்."

மழைக்காலம் வந்தது. கவையனுக்குப் புதுக் கொம்பு முளைத்தது. ஆனால் தண்ணீருக்குக் கிளம்பும்போது, எல்லோரும் முதலில் அரும்பியின் மூக்கைத்தான் பார்த்தார்கள். கவையனும் பார்த்தான், யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து.

நீதி: ஒரு பெண்ணின் துணிவை, தமக்கு உதவும்போது பட்டமாகவும் தம்மை மறுக்கும்போது பழியாகவும் ஒரே சொல்லால் அழைப்பவர், அவளை அளப்பதில்லை, தம் வசதியையே அளக்கிறார்.