இடுப்பில் இருந்தது

பெரியநாயகி அம்மையின் மடத்தில் அன்று பௌர்ணமிச் சாப்பாடு. குழந்தைவேலு ரசம் பரிமாறிக்கொண்டிருந்தார். மூன்றாவது இலைக்குக் குனிந்தபோது அவர் இடுப்பு வாளியின் விளிம்பில் மோதி டங்கென்று சத்தம் கேட்டது. சட்டை விலகியது. பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

துப்பாக்கி.

குழந்தைவேலுவுக்கு அறுபத்தொரு வயது. மேலே மலையில் காப்பித் தோட்டம் இருந்தது. அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ஆறு வருடங்களாக அவர் அம்மையின் சீடர். பௌர்ணமி தோறும் மலையிறங்கி வந்து இரண்டு நாள் தங்குவார். வாசல் பெருக்குவார், பந்தியில் பரிமாறுவார்.

ஓய்வுபெற்ற தாசில்தார் தில்லைநடராசன் இலையை விட்டு எழுந்தார்.

"சாமி கும்பிடுற இடத்துல இது என்னங்க? இவர் பக்கத்துலதான் மாசாமாசம் கண்ணை மூடி உக்காந்திருந்தேனா?"

"உங்களுக்கென்ன சார்," என்றாள் நர்ஸ் வசந்தகோகிலம். "ஆஸ்பத்திரியில டூட்டி முடிஞ்சு ரெண்டு மைல் தனியா நடந்து வர்றவ நான். லைசென்ஸ் குடுத்தா நானும் ஒண்ணு வாங்கிக் கைப்பையில போட்டுக்குவேன்."

"எல்லாரும் வாங்கிக்கிட்டா என்ன ஆகும்?"

"கை வெக்க வர்றவன் ஒரு தடவை யோசிப்பான்."

"யோசிச்சு அவனும் ஒண்ணு வாங்குவான்."

"அவன்கிட்ட ஏற்கெனவே இருக்கு சார். இல்லாதது நம்மகிட்டதான்."

இருவரும் அம்மையைப் பார்த்தார்கள். அம்மை மோரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ரசம் ஆறுது. உக்காருங்க."

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் குழந்தைவேலு அம்மையிடம் வந்து நின்றார்.

"அம்மா, எம்மேல கோவமா?"

"இல்லை. எப்ப இருந்து வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு வருஷமா."

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது அம்மைக்கும் தெரியும். பட்டப்பகலில், ஏழாவது கொண்டை ஊசி வளைவில், மூன்று பேர் மரத்தைக் குறுக்கே போட்டு அவருடைய ஜீப்பை மறித்தார்கள். அவருக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. டிரைவர் சூசைக்கு இடது காது போயிற்று. இன்றுவரை அந்தக் காது கேட்பதில்லை. அந்த மூவரும் பிடிபடவும் இல்லை. அதற்குப் பிறகுதான் குழந்தைவேலு மனுப் போட்டு, அலைந்து, லைசென்ஸ் வாங்கினார்.

"சொல்லுங்க அம்மா. உசிரைக் காப்பாத்திக்கிறது தப்பா?"

"இல்லையே."

"நீங்க கதவுக்குத் தாழ்ப்பாள் போடறீங்கதானே?"

"போடறேன். தாழ் போட்டிருக்குன்னு வெளியில இருக்கறவங்களுக்கும் தெரியும்."

குழந்தைவேலு சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் மறைச்சு வெக்கிறது அடுத்தவங்களுக்காகத்தான். பாத்தா பயப்படுவாங்க."

"பயப்படுவாங்களா?"

"பயப்படாம?"

"நாளைக்கு ஒருநாள் சட்டைக்கு மேல கட்டிக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போங்க. பயப்படறாங்களான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

"அம்மா, நெசமாவா சொல்றீங்க?"

"லைசென்ஸ்தான் இருக்கே."

மறுநாள் காலை குழந்தைவேலு சட்டையை வேட்டிக்குள் விட்டு, பச்சை பெல்ட்டை இறுக்கி, துப்பாக்கி உறையை வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டார். சூசை ஜீப்பைக் கிளப்பினான். அவனுக்கு நாற்பது வயது. முதலாளியின் இடுப்பை ஒரு தடவை பார்த்தான்.

அடிவாரத்து டீக்கடையில் ஒரு பெஞ்சுதான். எப்போதும் அதில் இடம் இருக்காது. அன்று அவர் வந்ததும் நான்கு பேரும் எழுந்துகொண்டார்கள். வழக்கமாக மரவள்ளி விவசாயி செங்கோடன் இவரிடம் ஏதாவது வம்புக்கு இழுப்பார். புதுக் கிணற்றை ஊருக்கு மேற்கே தோண்டுவதா கிழக்கே தோண்டுவதா என்று இருவருக்கும் மூன்று மாதமாகச் சண்டை.

"என்ன செங்கோடா, கிணறு மேற்கதான?" என்று குழந்தைவேலு தானே ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னா சரிதானுங்க."

அந்த டீ அவருக்கு இறங்கவில்லை. பாதியில் வைத்துவிட்டார்.

பூக்காரி கூடையை இழுத்து வழிவிட்டாள். மளிகைக் கடையில் வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி அவரை முன்னால் போகச் சொன்னார்கள். ஒருவரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. ஒருவரும் அவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் இல்லை. கடைத்தெருவின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் தான் ஏதோ வெளியூருக்கு வந்துவிட்டதுபோல் அவருக்குத் தோன்றியது.

அது புதன்கிழமை. புதன்கிழமைகளில் அவர் மருதையின் சலூனில் சவரம் செய்துகொள்வார். இருபது வருடப் பழக்கம். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மருதை துண்டைப் போர்த்தி, சோப்பு நுரையைத் தடவி, கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தான். தாடைக்குக் கீழே கத்தியை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். எடுத்துவிட்டான்.

"என்னப்பா?"

"முதலாளி, தப்பா எடுத்துக்காதீங்க. கை நடுங்குது."

"எதுக்கு?"

"உங்க இடுப்புல அது இருக்கு. என் கையில இது இருக்கு. கொஞ்சம் கீறிட்டா, ரத்தம் வந்தா, நீங்க திடுக்குனு கையை எங்க கொண்டு போவீங்கன்னு நெனச்சேன். நெனச்சதும் நடுங்க ஆரம்பிச்சுது."

"நான் உன்னைச் சுடுவேனாடா?"

"சுட மாட்டீங்க. எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரிய மாட்டேங்குது."

நுரை கழுத்தில் காய ஆரம்பித்திருந்தது. குழந்தைவேலு கண்ணாடியைப் பார்த்தார்.

"இத்தனை நாளும் சட்டைக்குள்ள இருந்துச்சே மருதை. ரெண்டு வருஷமா."

மருதை கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"ரெண்டு வருஷமாவா?" என்றான். அவன் முகம் சுருங்கிப்போனது. "தெரியாமப் போச்சே முதலாளி. எத்தனை தடவை கீறியிருக்கேன்."

குழந்தைவேலு எழுந்தார். துப்பாக்கியைக் கழற்றி அலமாரியில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கப் போனவரை மருதை தடுத்தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் முடி வெட்ட வருவார்கள், அங்கே வேண்டாம் என்றான். கழுத்தில் நுரையோடும் தோளில் துண்டோடும் அவர் தெருவுக்கு வந்தார். குண்டுகளைக் கழற்றி வேறாக எடுத்தார். ஜீப்பின் இரும்புப் பெட்டியில் இரண்டையும் வைத்துப் பூட்டினார்.

சூசை ஸ்டியரிங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவர் அவனுடைய வலது காதுப் பக்கமாகப் போய் நின்றார்.

"சூசை, அந்த வளைவுல போறப்ப உனக்குப் பயமில்லையா?"

"இருக்கு முதலாளி. நித்தம் இருக்கு."

"நான் இதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதால கொஞ்சம் தெம்பு இல்லையா?"

சூசை பின்பக்கம் காட்டும் கண்ணாடியைத் திருப்பினான்.

"நான் முன்னால உக்காந்திருக்கேன். நீங்க பின்னால. ஏதாவது மாடு குறுக்க வந்தாக்கூட உங்க கை இடுப்புக்குப் போவுது. கண்ணாடியில தெரியும். அப்பல்லாம் நான் தலையைக் குனிஞ்சுக்குவேன்."

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்கும் அடிபட்டுச்சே முதலாளி. பாவமா இருந்துச்சு."

குழந்தைவேலு அவன் தோளில் கை வைத்தார். பிறகு சலூனுக்குள் போய் உட்கார்ந்தார்.

மருதை புதிதாக நுரை போட்டான். கை நிதானத்துக்கு வந்திருந்தது. அவன் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மாப்பிள்ளை வீட்டார் மதுரையில் வைக்க வேண்டும் என்கிறார்கள், இவன் சம்சாரம் முடியாது என்கிறாள். மின்விசிறி கறகறவென்று சுற்றியது. கத்தி கன்னத்திலிருந்து இறங்கிவந்தது.

சாயங்காலம் குழந்தைவேலு மடத்துக்குத் திரும்பினார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் தில்லைநடராசனும் வசந்தகோகிலமும் ஆளுக்கொரு கீரைக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் வாதம் முடியவில்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பயந்தாங்களா?" என்றார் அம்மை.

"பயந்தாங்க அம்மா. சூசை ரெண்டு வருஷமா பயந்துக்கிட்டிருக்கான். எனக்குத்தான் தெரியல."

"நான் சொல்லல?" என்றார் தில்லைநடராசன்.

"அந்த மூணு பேரு இன்னும் வெளியிலதானே சார் இருக்காங்க?" என்றாள் வசந்தகோகிலம்.

"இருக்காங்க," என்றார் அம்மை. தில்லைநடராசன் குனிந்து கீரையைக் கிள்ளினார்.

குழந்தைவேலு கீழே உட்கார்ந்து ஒரு கைப்பிடி கீரையை எடுத்தார்.

"இவ்வளவு நேரம் ஆச்சே, எங்க போனீங்க?" என்று அம்மை கேட்டார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது.

"வெக்கமா இருக்கு அம்மா. சவரம் முடியறதுக்குள்ள சலூன் நாற்காலியிலேயே தூங்கிட்டேன். மருதை எழுப்பல. மூணு மணி நேரம். அடிபட்ட நாள்ல இருந்து எனக்கு இப்படித் தூக்கம் வந்ததில்லை. வீட்டுல தலையணைக்கு அடியில அதை வெச்சுக்கிட்டு விடிய விடிய முழிச்சிருப்பேன்."

"நல்லதாப் போச்சு."

"இப்ப நீங்க சொல்லுங்க அம்மா. எது காவல்? அதை வெச்சுக்கிறதா, விடறதா? நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்."

மற்ற இருவரும் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு அம்மையைப் பார்த்தார்கள்.

அம்மை ஒரு முற்றிய தண்டைக் கிள்ளி ஒதுக்கினார்.

"கண்ணு சொக்குச்சே, அந்த நேரத்துல மருதை கத்தி எங்க இருந்துச்சு?"

குழந்தைவேலுவின் கை தானாக மேலே போனது. மழமழவென்றிருந்த கழுத்தைத் தொட்டபடியே அவர் உட்கார்ந்திருந்தார்.