அடியில் விரிக்கும் துணி

வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, ஐம்பத்தெட்டாவது வயதில், இசக்கிமுத்து ஒரு டிரைகிளீனிங் கடையில் தொழில் படிக்கச் சேர்ந்தார். கற்றுக்கொடுத்த மாஸ்டர் சகாயமேரிக்கு வயது முப்பத்து நாலு.

முதல் நாள் அவள் சொன்னது இதுதான்.

“பட்டுல கறையைத் தேய்க்கவே கூடாது, அண்ணாச்சி. கறை பட்ட பக்கத்தைக் கீழ போட்டு, அடியில வெள்ளைத்துணி விரிங்க. பின்பக்கமா மருந்தை ஒத்தி எடுங்க. கறை மாயமாப் போயிடாது. இந்தத் துணியில இருந்து அந்தத் துணிக்கு எறங்கும்.”

ஒரு தடவை அவர் விரிக்க மறந்துவிட்டார். கடையில் ஆள் நிற்கும்போதே அவள் கேட்டாள்: “அடியில என்ன விரிச்சீங்க, அண்ணாச்சி?”

நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இசக்கிமுத்து மறக்கவில்லை. அவர் எதையுமே மறக்கிற ஆள் இல்லை. கூடப்பிறந்த தம்பியோடு பேசியே பதினோரு வருஷம் ஆகிறது.

வாடிக்கையாக வரும் பகவதியம்மாளின் அரக்குப் பட்டுச்சேலையை அவர் கையில் எடுத்த அன்று மாஸ்டர் கடையில் இல்லை. முந்தானையில் பாயசக் கறை. அவசரத்தில் எதையும் விரிக்காமல், ஈரப் பட்டைப் பிடித்துத் தேய்த்தார். கறை போனது. கூடவே நிறமும் போய், உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்து, பிசிறடித்து நின்றது.

மாஸ்டர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்க அவருக்குத் தெம்பில்லை. ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, கடைப் பிரதியின் அடியில் ஒரு வரி சேர்த்தார். ‘முந்தானை முன்பே வெளுத்துள்ளது.’

பகவதியம்மாள் வந்ததும் முதல் வேலையாக அவளிடமிருந்த சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். அதில் அந்த வரி கிடையாது.

சேலையை விரித்தவள் கத்தினாள். “என்னய்யா இது, அநியாயம்!”

“வரும்போதே இப்படித்தாம்மா இருந்துச்சு. எழுதியிருக்கு, பாருங்க.”

அவள் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

“அப்ப என் தங்கச்சி வேலைதான். ஒரு விசேஷத்துக்கு வாங்கிக் கட்டிட்டுப் போனா. பாயசத்தைக் கொட்டிட்டு, தண்ணியத் தொட்டுத் தேய்ச்சிருக்கா. அவ மடிச்சுக் கொடுத்ததை நானும் விரிச்சுப் பாக்காம இங்க கொண்டாந்து போட்டுட்டேன்.”

தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

இருபது நாள் கழித்து அவள் மறுபடியும் வந்தாள். கையில் தாம்பாளம். மகளுக்குக் கல்யாணம்.

“அன்னைக்கு உங்களை என்னமோ பேசிட்டேன், அண்ணாச்சி. மனசுல வச்சுக்கிடாதீங்க. வெள்ளிக்கிழமை குடும்பத்தோட வரணும்.”

“உங்க தங்கச்சி...”

“அவளுக்குப் பத்திரிகை வைக்கல. சேலை போனாப் போயிட்டுப் போகுது. தான் செய்யலைன்னு பெத்த பிள்ளை தலையில கை வச்சு சத்தியம் பண்றா, அண்ணாச்சி! அந்தப் பொய்யைத்தான் என்னால தாங்க முடியல.”

பத்திரிகையை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் படியிறங்கிப் போகும்வரை பத்திரிகை மூலையில் இருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு உள்ளே போனார். சகாயமேரி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“மாஸ்டரம்மா, தேய்ச்சு வெளுத்த பட்டைச் சரிபண்ண வழி உண்டா?”

“கிடையாது.”

“சாயம் ஏத்தினா?”

“நூலே நைஞ்சு போயிருக்குமே. எந்தச் சேலை?”

அவர் ரசீதுப் புத்தகத்தை மேஜையில் வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தார். அவள் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள், துணியில் ஓட்டை தேடுகிற மாதிரி. மேலே எல்லாம் கார்பனில் விழுந்த மங்கல் எழுத்து. கடைசி வரி மட்டும் பேனா.

பகவதியம்மாள் சொன்னதையெல்லாம் அவர் சொன்னார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

“தங்கச்சி இல்லாமலே கல்யாணம் நடந்துடும், மாஸ்டரம்மா. பேச்சு நின்னா நின்னதுதான். எனக்குத் தெரியும்.”

அவள் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, மறுபடியும் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

“அந்தம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிடறேன். பட்டு பழசு, மருந்து ஒத்துக்கிடலைன்னு...”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அடியில என்ன விரிச்சீங்க, அண்ணாச்சி?”

இந்தத் தடவை சிரிக்க யாரும் இல்லை. அவருக்குக் காது சுட்டது.

“ஒண்ணும் விரிக்கல.”

“விரிச்சீங்க. அந்தத் தங்கச்சியை விரிச்சீங்க.” ரசீதுப் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள். “அவங்களை எடுத்துட்டு, அந்த இடத்துல நீங்க படுங்க.”