மருதம்பழத்துக்கு ஐந்து சிறகு வந்த கதை

அந்தக் காலத்தில், மரமும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, மருதம்பழம் உருண்டையாக, எலுமிச்சை அளவில், சதைப்பற்றோடு இருந்தது. பழுத்தால் இனிக்கும். குருவிகள் கூட்டமாக வந்து தின்னும். ஆனால் மருதம் குருவியை நம்பிக் காய்க்கவில்லை, வெள்ளத்தை நம்பித்தான் காய்த்தது. ஆடியில் தாழையாற்றில் புதுவெள்ளம் வரும். உதிர்ந்து கிடக்கும் பழங்களை உருட்டிக்கொண்டு போய், கரையெல்லாம் வண்டல் பூசி, அந்த ஈர வண்டலில் கொட்டைகளைப் பதித்துவிட்டுப் போகும். மலையடியிலிருந்து கடல் வரைக்கும் இரண்டு கரையிலும் மருதம் நின்றது அப்படித்தான்.

பிறகு மழை மாதம் தவற ஆரம்பித்தது. ஐப்பசியில் பெய்ய வேண்டியது பெய்யாமல் போகும். யாரும் எதிர்பாராத மாதத்தில் மொத்தமாகக் கொட்டி, மறுநாளே கடலில் கலந்துவிடும். ஆற்றின் மேல்பக்கத்து ஊரான மேற்குடிக்காரர்கள் கூடிப் பேசி ஆற்றுக்குக் குறுக்கே கல்லால் அணை கட்டினார்கள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமே.

அணையில் இரண்டு மதகுகள். ஒன்று வயலுக்குப் போகும் வாய்க்காலுக்கு, இன்னொன்று ஆற்றுக்கு. இரண்டையும் காத்தவள் சடைச்சி. புருசன் செத்தபிறகு அந்த வேலை அவளுக்கு வந்தது. அதற்குக் கூலியாக ஊர் அவளுக்குக் கொஞ்சம் வயலும், அந்த வயலுக்கான தண்ணீர்ப் பங்கும் கொடுத்திருந்தது. வாய்க்கால் மதகை முறைப்படி திறப்பாள், மூடுவாள். ஆற்று மதகைத் திறக்கச் சொல்லி அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

ஒரு நாள் மகள் வேலாயி காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். அவளைக் கீழ்க்குடியில் கட்டிக்கொடுத்திருந்தது. அணைக்குக் கீழே, ஆற்றோரத்து ஊர். துணியை அவிழ்த்துப் பார்த்தால் பாதம் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. முள் குத்தி உள்ளேயே முறிந்திருந்தது. சடைச்சி ஊசியைச் சுட்டு முள்ளை எடுத்தாள். அந்த நேரத்தில் வேலாயி தன் ஊர்க்கதையைச் சொன்னாள். ஆறு வராததால் கரையில் நின்ற மருதமெல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டுப்போய்விட்டது. போன மாசியில் கொட்டிய மழை அணையைத் தாண்டி வழிந்தபோது, பிடித்துக்கொள்ள வேர் இல்லாத கரை வெல்லக்கட்டி மாதிரி கரைந்துவிட்டது. அவள் கொழுந்தன் வீடு ஆற்றோடு போய்விட்டது. மிச்சமிருக்கிற இடத்திலெல்லாம் முள்மரம்.

"ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிரலாம்னு பேசிக்கிறாங்கம்மா" என்றாள்.

சடைச்சி மகளைத் தன் வீட்டில் படுக்க வைத்துவிட்டு, தானே கீழ்க்குடிக்கு நடந்து போய்ப் பார்த்தாள். ஆறு ஓடிய இடத்தில் முள்மரம் அடர்ந்து நின்றது. கப்பல்காரர்கள் கொண்டுவந்த விதை. வேலிக்காகும், விறகுக்காகும் என்று ஊரே கேட்டு வாங்கிப் போட்டது. ஆடுகள் நெற்றைத் தின்று புழுக்கை போட்ட இடமெல்லாம் அது முளைத்திருந்தது.

"இது ஆத்தோட இடமில்லையா? இங்க வந்து ஏன் நிக்கிறே?" என்று அதனிடம் சடைச்சி கேட்டாள்.

"ஆறு வராத இடத்துக்குத்தான் நான் வந்தேன்" என்றது முள்மரம். "கூப்பிட்டதும் நீங்கதான். எனக்கு வெள்ளம் வேண்டாம், ஒரு ஆடு போதும்."

அதில் அவளுக்குக் கோபப்பட ஒன்றுமில்லை. திரும்பி வந்து, அணைக்குள்ளே இடுப்பளவு தண்ணீரில் நின்ற கிழட்டு மருதத்திடம் போனாள். பெரிய மருதங்களில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அதன் பழங்கள் அசையாத தண்ணீரில் விழுந்து, முங்கி, அழுகிக் கிடந்தன.

அன்று மாலையே ஊர்த் தலைவரான அம்பலம் வைரவனைப் பார்த்து, ஆற்று மதகைத் திறக்க வேண்டும் என்று கேட்டாள். அம்பலம் நல்ல மனிதர்தான். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த வருசம் அணையில் இருப்பது நாற்றைக் காப்பாற்றவே பற்றாது என்றார்.

"சரிங்க அம்பலத்தாரே. என் வயலுக்கு உள்ள பங்கை விடலாமில்ல?"

"அது உன் தண்ணி. அதை ஆத்துல விட்டுட்டு நீ என்னத்தத் திங்கிறது?"

"அதை நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. ஆற்று மதகின் வாயில் ஒரு கல் பதித்திருந்தது. மரக்கட்டை, பெரிய மீன் எதுவும் வெளியே போகாதபடி, கொத்தன் அதில் ஒவ்வொன்றும் ஐந்து இதழ்ப் பூவைப் போலச் சின்னச் சின்னத் துளைக் கண்களாகத்தான் வெட்டியிருந்தான். பழம் அதற்குள் நுழையாது. சடைச்சி இதை மருதத்திடம் மறைக்காமல் சொன்னாள்.

"நசுங்கித்தான் போகும் ஆத்தா. சதை எல்லாம் கல்லுலேயே போயிரும். அப்புறம் ஒரு குருவிகூட உன்னத் தேடி வராது."

கிளையில் குருவிகள் அடைந்துகொண்டிருந்தன.

"சதை போகட்டும் தாயி" என்றது மருதம். "கொட்டை போய்ச் சேந்தாப் போதும். திற."

ஆடி பிறந்ததும் சடைச்சி ஆற்று மதகைத் திறந்தாள். தண்ணீர் இழுத்த இழுப்பில் பழங்கள் கல்லில் போய் அடைத்துக்கொண்டன. பின்னாலிருந்து தண்ணீர் நெட்டித் தள்ள, ஒவ்வொன்றாகக் கண் வழியே பிதுங்கி வெளியே வந்தன. சாறு மதகிலேயே வழிந்துபோனது. வெளியே வந்தவை பழமாக இல்லை. ஐந்து பக்கமும் இதழிதழாகப் புடைத்து, மரக்கட்டை போல் இறுகியிருந்தன. ஆனால் அவை முங்கவில்லை. இதழ்களை விரித்தபடி மிதந்துகொண்டே போயின. தன் பங்கு தீர்ந்ததும் சடைச்சி மதகை மூடினாள்.

அந்த வருசம் அவள் வயல் தரிசாகக் கிடந்தது. கீரையும் கிழங்கும், அக்கம்பக்கத்தார் கொடுத்த கூழுமாக நாளைத் தள்ளினாள். வேலாயி கால் ஆறிப் புருசன் வீட்டுக்குப் போனாள். கார்த்திகையில் அவளிடமிருந்து சேதி வந்தது. தண்ணீர் தொட்டுவிட்டுப் போன விளிம்பில், மெல்லிய வண்டலில், மருதங்கன்றுகள் வரிசையாக முளைத்திருக்கின்றன. ஊரில் பாதிப் பேர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள். மிச்சப் பேர் ஆட்டை அந்தப் பக்கம் விடாமல் கன்றுகளைக் காத்தார்கள்.

முள்மரம் எங்கேயும் போகவில்லை. ஈரம் எட்டாத மேட்டையெல்லாம் அது வைத்துக்கொண்டது. கிழட்டு மருதம் அடுத்த வருசமும் காய்த்தது. அந்தக் காய் கிளையில் பிடிக்கும்போதே ஐந்து சிறகோடு பிடித்தது.

அன்று முதல்தான் மருதம்பழத்தில் சதையும் இல்லை, தித்திப்பும் இல்லை. அன்று முதல்தான், ஆறு வந்து தொட்ட விளிம்பில் மருதமும், தொடாத இடத்தில் முள்மரமும் நிற்கின்றன.