கத்துற மருதாயியும் கொட்டாவி மாமாவும்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு மருதாயி. ஆளு என்னமோ முருங்கைக்காய் மாதிரி ஒல்லிதான். தொண்டை மட்டும் கல்யாண வீட்டு மைக் செட்டு. அவ "அம்மோவ்!"னு ஒரு சத்தம் குடுத்தா, நாலு தெருவுல இருக்குற அம்மாவெல்லாம் கையில கரண்டியோட வெளிய ஓடி வந்து, "என்னடி? என்னடி?"ன்னு கேப்பாங்க. அவளைப் பெத்த அம்மா மட்டும் வரமாட்டாங்க. அவங்களுக்குப் பழகிப் போச்சு.

அக்காவுக்கு ம் சொல்லுடா. நீ ம் சொல்லலன்னா மருதாயி தெருவுலயே நின்னுட்டு இருப்பா, பாவம், கால் வலிக்கும்.

"ம்."

ஆங். அந்த ஊர்ல ஒரு வழக்கம். பங்குனி பொறந்து, புங்கமரமெல்லாம் பொரி கொட்டுன மாதிரி பூத்து, காட்டுப் பக்கம் பட்டாம்பூச்சி வர ஆரம்பிக்கும் பாரு, அப்பத்தான் கண்மாய்க்கரை புளியமரத்துல ஊஞ்சல் கட்டுவாங்க. உங்க பார்க்குல இருக்கே, கீச்சு கீச்சுன்னு, அது மாதிரி இல்ல. கயிறே உன் கை தடிமன். வீசிவிட்டா இந்தப் பக்கம் கண்மாய்த் தண்ணி மேல போய், அந்தப் பக்கம் சோளக்கொல்லை மேல வந்து நிக்கும். வீஈஈஈஞ்ச்ச்! வீஈஈஈஞ்ச்ச்! அந்த வருஷத்து முதல் பட்டாம்பூச்சிய எந்தப் புள்ள பார்க்குதோ, அதுக்குத்தான் முதல் ஆட்டம். ஊரே வரிசையா நின்னு தள்ளிவிடும்.

ஆனா ஒண்ணு. பத்து வயசு முடிஞ்சுட்டா முதல் ஆட்டம் கிடையாது. மருதாயிக்கு வர்ற சித்திரை வந்தா பத்து முடியுது. அப்போ இந்தப் பங்குனிய விட்டுட்டா?

"அவ்ளோதான்."

அவ்ளோதான்! எப்பவுமே கிடையாது!

இதுல என்ன கொடுமைன்னா, வருஷா வருஷம் முதல்ல பார்க்குறது மருதாயிதான். ஆனா பார்த்தேன்னு வாயால சொன்னாப் பத்தாது. சாட்சி பார்க்கணும். பூச்சி ஒரு இடத்துல உக்காந்து, சாட்சியோட கண்ணு முன்னாடி மூணு தடவ றெக்கைய மூடித் திறக்கணும். அப்பத்தான் செல்லும்.

சாட்சி யாரு தெரியுமா? கொட்டாவி மாமா.

அவருக்கு வேற எந்த வேலையும் ஒத்து வரலன்னு ஊரே கூடிக் குடுத்த வேலை அது. அவர் உக்காந்தா தூங்குவார், நின்னா தூங்குவார், நடந்தா தூங்குவார். தூங்கும்போதே நடுவுல கொஞ்சம் தூங்குவார். எழுப்புனா எப்படிப் பேசுவார் தெரியுமா? "யாஆஆரு... ஹாஆஆ... ஆஆவ்... என்ன புள்ள... ஹாஆஆவ்..."

டேய், நீ ஏன்டா வாயத் திறக்குற? அது மாமாவோட கொட்டாவி. திருப்பிக் குடுத்துரு.

அப்புறம், சங்கிலின்னு ஒரு பையன். மூக்கால பேசுவான். "நான்ந்தான் ஃபர்ஸ்ட்டு, நான்ந்தான் எப்பவும் ஃபர்ஸ்ட்டு!" அவங்க வீட்டு வாசல்ல பெரிய செம்பருத்திச் செடி. மாமா தூங்குற கட்டிலும் அங்கதான். செம்பருத்திக்குப் பூச்சி வந்துச்சுன்னா சங்கிலி பூனை மாதிரி போய், மாமாவோட ரெண்டு கண்ணிமையையும் விரலால தூக்கிப் புடிச்சுக்குவான். மாமா தூக்கத்துலயே பார்த்துட்டு, "ம்ம்... செல்லும்"னுடுவார். அப்படியே மூணு வருஷமா ஜெயிச்சுட்டான், திருட்டுப்பய.

ஆனா இந்த வருஷம் அவங்க வீட்டு ஆடு கயித்த அறுத்துக்கிட்டு, கறக் முறக், கறக் முறக், செம்பருத்திய மொட்டை அடிச்சுருச்சு! அதனால சங்கிலியும் எல்லாப் புள்ளைங்களோட மாமாவைக் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குத்தான் போகணும். மாமா எங்க உக்கார்றாரோ, அங்கதான் தேடணும்.

முத நாள் மாமா கண்மாய்க்கரையில உக்காந்தார். உக்காந்ததும் கொர்ர்ர்ர். புள்ளைங்க புதர் புதரா நுழைஞ்சுதுங்க. மருதாயி ஒரு எருக்கஞ்செடி பக்கம் போனா. போனா... அப்படியே நின்னுட்டா. எருக்கம்பூ மேல, ஆரஞ்சு மிட்டாய் நிறத்துல, ஓரமெல்லாம் கறுப்பு மை தீட்டிக்கிட்டு ஒண்ணு உக்காந்துருக்கு! அவளுக்குக் கை குதிக்குது, காலு குதிக்குது, அப்புறம் ஆளே குதிச்சு,

"மாமோஓஓவ்வ்! வந்துருச்சூஊஊ!"

விர்ர்ர்! பூச்சி போயே போச்சு.

நாலு தெரு அம்மாவும், "என்னடி?" மாமா ஒரு கண்ணத் திறந்து, "எங்க புள்ள... ஹாஆஆவ்... வெறும் எருக்குதான இருக்கு?"

சங்கிலி இடுப்புல கை வெச்சுக்கிட்டு, "புளுங்குணி! புளுங்குணி மருதாயி! போன வருஷமும் இதேதான் சொன்ன!"

"நான் ஒண்ணும் புளுகல! இங்கதான்டா இருந்துச்சு!"

"எங்க, காட்டு?"

காட்ட என்ன இருக்கு? ஆடிக்கிட்டு இருக்குற பூவைத்தான் காட்டணும். எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. மருதாயிக்கு ஊஞ்சல் போனதுகூடப் பரவாயில்ல, புளுகுணின்னாங்க பாரு, அதுதான் பொறுக்கல.

"அப்புறம்?"

அப்புறம் அவங்க அம்மா சொன்னாங்க. "ஏன்டி, உனக்கு வாயிதான எதிரி? அதை அடைச்சுட்டா?" ஒரு பொரி உருண்டை எடுத்துக் குடுத்தாங்க. சின்னது இல்ல, மாங்காய் சைஸ்ல. மறுநாள் அதை முழுசா வாயில திணிச்சுக்கிட்டு மருதாயி போனா. ரெண்டு கன்னமும் உப்பி, குரங்கு மாதிரி. யாரு என்ன கேட்டாலும், "ம்ஹ்ம்ம். ம்ஹ்ம்ம்."

ரெண்டாம் நாள் மாமா பம்புசெட்டு ரூம் திண்டுல உக்காந்தார். கொர்ர்ர்ர். வாய்க்கா ஓரமா ஈரச் சேறு. அந்தச் சேத்து மேல பார்த்தா, ஒண்ணா ரெண்டா, மஞ்ச மஞ்சளா ஒரு கூட்டமே உக்காந்து, ஸ்ஸ்ஸ்னு ஈரத்த உறிஞ்சுக்கிட்டு இருக்கு! மருதாயி கத்தல. மூச்சுகூட விடல. மெதுவா மாமா வேட்டி நுனியப் புடிச்சு இழுத்தா. மாமா தூங்கிக்கிட்டே எழுந்து, தூங்கிக்கிட்டே நடந்து வந்து, சேத்துக்கிட்ட வந்ததும் அரைக் கண்ணத் திறந்தார்.

"அட... பூச்சிதான்!"

றெக்கைய மூடுச்சு. திறந்துச்சு. மாமா ஒரு விரல நீட்டுனார். "ஒண்ணு."

அவ்ளோதான்! மருதாயிக்குச் சந்தோஷம் தாங்கல. வாயிலதான் உருண்டை இருக்கு, காலுல இல்லையே! துள்ளி ஒரு குதி குதிச்சா பாரு.

தொம்! சளப்!

சேறு மாமா மீசையில. பூச்சியெல்லாம் வானத்துல.

"ஒரு தடவதான் மூடித் திறந்துச்சு புள்ள. செல்லாது. ஹாஆஆவ்..." அப்படின்னு மாமா சேத்தோட அங்கயே படுத்துட்டார்.

சங்கிலிக்குச் சிரிச்சுச் சிரிச்சு மூக்கே அடைச்சுருச்சு. "அழுவுறியா மருந்தாயி? உருண்டையத் துப்பிட்டு அழு, புரையேறிடப் போகுது!"

நீ சிரிக்காத. அவளுக்கு எப்படி இருந்துருக்கும்?

"ம்..."

அப்புறம் மூணாம் நாள். அன்னைக்குச் சாயங்காலம் கோயில்ல கொடி ஏத்துறாங்க. கொடி ஏறிட்டா எல்லாருக்கும் ஊஞ்சல், யாருக்கும் முதல் ஆட்டம் இல்ல. அதனால இன்னைக்கு விட்டா போச்சு. காலையில இருந்து புள்ளைங்க வெயில்ல அலையுதுங்க. ஒண்ணும் காணோம். மாமா புங்கமரத்தடியில உக்காந்து, பனையோலைப் பட்டையில பதநீர் வாங்கிக் குடிச்சுட்டு, மீசையத் தொடைக்கக்கூடச் சோம்பல்பட்டு அப்படியே சாஞ்சுட்டார். கொர்ர்ர்ர். புங்கம்பூ அவர் வயித்து மேல பொல பொல பொலன்னு உதிருது. சங்கிலி சோளக்கொல்லைப் பக்கம் தேடப் போயிட்டான். மருதாயிக்கு நடந்து நடந்து காலே போச்சு. மாமாவுக்கு எதிர்ல, ஒரு கை தூரத்துல, தொப்புன்னு உக்காந்துட்டா.

"போ. ஊஞ்சலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்போ...

ம் சொல்லு.

"ம்."

அப்போ, எங்கிருந்தோ ஆடி ஆடி ஆடி ஒண்ணு வந்துச்சு. கறுப்பு வெல்வெட்டுப் பாவாடை, கீழ சிவப்பு முத்து வெச்சுத் தெச்ச மாதிரி. வந்து, மாமாவை ஒரு சுத்து சுத்துச்சு. மீசையில பதநீர் வாசம். அவ்ளோதான், மாமா மூக்கு மேல ஜம்முனு உக்காந்து, உறிஞ்சுற குழல நீட்டி மீசைய உறிஞ்ச ஆரம்பிச்சுருச்சு!

சாட்சி மூக்கு மேலயே பூச்சி. ஆனா சாட்சி தூங்குறாரே! கண்ணிமையத் தூக்கலாம்னா கைய நீட்டணும். நீட்டுனா பறந்துரும். என்ன பண்ணுவா? வாழ்க்கையில முத தடவையா மெதுவாப் பேசுனா.

"மாமா..."

கொர்ர்ர்ர்.

"மாமா, கண்ணத் திறங்க மாமா..."

கொர்ர்ர்ர்.

"மாமா, உங்க காலப் புடிக்கிறேன்..."

கொர்ர்ர்ர் புஸ்ஸ்ஸ்.

அந்தப் புஸ்ஸுல பூச்சி ஒரு ஆட்டம் ஆடி, மறுபடி கெட்டியா உக்காந்துச்சு. அதே நேரம் பார்த்து அந்தப் பக்கம், தடதடதடன்னு சத்தம். சங்கிலி வெயில்ல ஓடி வர்றான்! இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தான்னா அவன் ஓடி வர்ற ஆட்டத்துலயே பூச்சி பறந்துரும்!

மருதாயி மண்டை கிர்ர்ருன்னு யோசிக்குது. 'நேத்து வாய் நிறைய உருண்டை இருந்துச்சு. ஒரு சத்தம் போடல. அப்புறம் ஏன் பறந்துச்சு? குதிச்சேன்! முந்தாநேத்து கத்துனேன். கத்தும்போது என்ன பண்ணேன்? அப்பவும் குதிச்சேன்! அப்போ குத்தம் என் வாயி இல்லடி, காலு!'

உடனே ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அழுத்தி உக்காந்தா. கால மடக்கிப் பூட்டுனா. கண்ணுகூட இமைக்கல. ஆளு கல்லு. தொண்டைய மட்டும் திறந்தா.

"டேஏஏஏய் சங்கிலீஈஈஈ! நில்லுடாஆஆஆ!"

காக்கா கத்திக்கிட்டுப் பறந்துச்சு. கண்மாய்த் தண்ணி நடுங்குச்சு. நாலு தெரு அம்மாவும் கரண்டியோட, "என்னடி!" சங்கிலி ஒத்தக் காலு அந்தரத்துல இருக்க அப்படியே நின்னுட்டான், கொக்கு மாதிரி.

பூச்சி?

"பறந்துருச்சா?"

ஜம்முனு உக்காந்து மீசைய உறிஞ்சுக்கிட்டு இருக்கு!

மாமா? டப்புன்னு ரெண்டு கண்ணையும் திறந்தார்! அவர் பொறந்ததுல இருந்து ரெண்டு கண்ணையும் ஒரே நேரத்துல திறந்தது அதுதான் முத தடவ. திறந்தா, மூக்கு மேல கறுப்பு றெக்கை. மாமாவுக்கு மாறுகண்ணு ஆயிருச்சு. இப்படி. பாரு என்னைய.

மருதாயி கல்லு மாதிரி உக்காந்துக்கிட்டே சொன்னா, "மாமா, கொட்டாவி விட்றாதீங்க! விட்டா போச்சு!"

கொட்டாவின்னு ஒருத்தர் சொன்னா வராம இருக்குமா? மாமாவுக்கு வயித்துல இருந்து ஒரு கொட்டாவி கெளம்பிருச்சு. நெஞ்சுக்கு வந்துச்சு. கழுத்துக்கு வந்துச்சு. மாமா வாய இறுக்கி மூடி, "ம்ம்ம்ம்"னு அமுக்குறார். கன்னம் உப்புது. கண்ணுல தண்ணி.

றெக்கை மூடுச்சு. திறந்துச்சு. ஒண்ணு.

மூக்கு அரிக்குது. காது துடிக்குது.

மூடுச்சு. திறந்துச்சு. ரெண்டு.

சங்கிலிக்குத் தூக்கி வெச்ச காலு வெடவெடன்னு ஆடுது. அம்மாவெல்லாம் வந்து அப்படி அப்படியே நின்னுட்டாங்க.

மூடுச்சு...

திறக்கல.

இன்னும் திறக்கல.

...

"அக்கா! திறந்துச்சா இல்லையா?"

திறந்துச்சு! மூணு!

"ஹா... ஹாஆஆ... ஹாஆஆஆஆ... ஹச்ச்ச்!" கொட்டாவியும் தும்மலும் ஒண்ணா வெடிச்சுது. புங்கம்பூவெல்லாம் கொட்டிருச்சு. பூச்சி ஒரு சுத்து சுத்திட்டு, போயிட்டு வர்றேன்னு கெளம்பிருச்சு.

மாமா மீசையத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னார். "செல்லும். மூக்கு மேலயே பார்த்துட்டேன். இனிமே இந்தப் புள்ளைய யாராவது புளுகுணின்னு சொல்லுங்க பார்ப்போம்."

சங்கிலி மெதுவா, "சொன்னா என்ன மாமா பண்ணுவீங்க?"

"நான் எழுந்து வருவேன்."

ஊரே நடுங்கிருச்சு. அந்த மனுசன் தானா எழுந்து வர்றதா!

அப்புறம் என்ன, சாயங்காலம் புளியமரத்துல கயிறு ஏறுச்சு. மருதாயி தலை நிறைய கனகாம்பரம் வெச்சுக்கிட்டு முதல் ஆளா ஏறி உக்காந்தா. ஊரே வரிசையில. வரிசையில கடைசி ஆளா சங்கிலி நொண்டிக்கிட்டு வந்து, "நான்ந்தான் கடைசியா இருக்கேன். நானும் தள்ளவா மருந்தாயி?"

"தள்ளுடா. நல்லா வேகமாத் தள்ளு. ஒத்தக் காலுல நின்னு தள்ளு."

வீஈஈஈஞ்ச்ச்... வீஈஈஈஞ்ச்ச்...

உச்சிக்குப் போனா. அங்க இருந்து பார்த்தா, கண்மாய்க்கரை எருக்கஞ்செடி அத்தனையிலயும், பூவுக்குப் பூவு, ஆரஞ்சு மிட்டாய்ப் பூச்சிங்க! தூங்குறதுக்கு எடம் புடிச்சுக்கிட்டு இருக்குதுங்க. மருதாயி கயித்த இறுக்கிப் புடிச்சா, கால மடக்குனா, தொண்டையத் திறந்தா.

"நான் பார்த்துட்டேஏஏஏன்ன்!"

ஒண்ணுகூடப் பறக்கல.

அப்புறம் ஊஞ்சல் மெதுவா... மெதுவா... வீஈஞ்ச்... வீஞ்ச்... மாமா ஒரு கொட்டாவி விட்டார். அது சங்கிலிக்குத் தொத்துச்சு. சங்கிலிகிட்ட இருந்து ஆட்டுக்கு. ஆட்டுகிட்ட இருந்து நாலு தெரு அம்மாவுக்கு. அங்க இருந்து தெரு தாண்டி, கண்மாய் தாண்டி, நம்ம ஜன்னல் வழியா வந்து...

"ஹாஆஆவ்..."

வந்துருச்சா? றெக்கைய மூடு. ஒண்ணு... ரெண்டு...

மூணாவதுக்குத் திறக்காத. ஊஞ்சல் நின்னாச்சு, கதையும் எறங்கியாச்சு. தூங்குடா தங்கம்.