தியேட்டரில் கேட்ட விசில்

கோவில்பட்டியில் செண்பகம் டீச்சரின் விசிலுக்குப் பயப்படாத பெண்பிள்ளை கிடையாது. அவருடைய ஹாக்கி அணியில் பதினான்கு பேர். நீளமாக ஒரு விசில் வந்தால் செய்வதைப் போட்டுவிட்டு விறைப்பாக எழுந்து நிற்க வேண்டும். அடுத்த விசில் வரும்வரை வாயே திறக்கக் கூடாது. இது டீச்சர் போட்ட சட்டம். விசிலும் பழசு. வாய்ப்பக்கம் கொஞ்சம் உடைந்து, தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் கரகரவென்றுதான் சத்தம் வரும். புதுசு வாங்கச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் போன வருஷம் இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். கூட்டத்தில் எவனோ ஒருவன் விளையாட்டாக விசில் ஊத, நடுவர்தான் ஊதினார் என்று நம் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். எதிரணி நிற்கவில்லை. பந்தைக் கொண்டுபோய்க் கோலுக்குள் தள்ளிவிட்டது. நடுவரும் செல்லும் என்றுவிட்டார். அதை நினைத்தால் டீச்சருக்கு இன்னும் வயிறு எரியும்.

இந்த வருஷம் அணித்தலைவி கட்டவேண்டிய நீலக் கைப்பட்டை அவர் பையிலேயே கிடந்தது. மூன்று பேருக்கு அதில் கண்: கோல்கீப்பர் பேச்சியம்மாள், நடுக்களத்தில் ஆடும் ஷமீமா, முன்வரிசை ஜெனோவா. முதல் ஆட்டம் சனிக்கிழமை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோன டீச்சர், விடுமுறை நாளான வியாழக்கிழமை பிள்ளைகள் எல்லோரையும் மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனார்.

தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படம். ஏதோ ஒரு கிரகத்தில் சின்னப் பிள்ளைகளைப் போருக்குப் பழக்குகிறார்கள். ஏன் என்று கேட்காத பிள்ளைதான் நல்ல வீரன் என்கிறான் தளபதி. முதல் அரை மணி நேரம் டீச்சருக்குப் படம் ரொம்பவே பிடித்திருந்தது. வரிசை என்றால் இப்படியல்லவா நிற்க வேண்டும் என்று மெச்சிக்கொண்டார்.

அப்போது தளபதி நீளமாக ஒரு விசில் ஊதினான். கணீரென்ற விசில். திரையில் இருந்த பிள்ளைகள் சட்டென்று எழுந்து நின்றார்கள். தியேட்டரில் இருந்த டீச்சரின் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

பின்வரிசையில் ஒரே கூச்சல். டீச்சருக்கு முதலில் வந்தது பெருமைதான், அதை மறைப்பானேன்? இருட்டில், படத்தின் நடுவில்கூட என் பிள்ளைகள் விசிலுக்கு நிற்கிறார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிறகு திரையைப் பார்த்தார். தளபதியும் அதே பெருமையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். டீச்சருக்கு என்னவோ போலாகிவிட்டது.

முதலில் எழுந்தவள் பேச்சியம்மாள். விசில் முடியுமுன்பே நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் கத்தியும் அசையவில்லை. ஷமீமா எழவே இல்லை. பேசாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெனோவா மற்றவர்களோடு எழுந்தவள்தான். ஆனால் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னாள்:

“ஏட்டி, எல்லாரும் ஏமாந்துட்டோம். உக்காருங்கட்டி.”

ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள், பேச்சியும்தான். பின்வரிசைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஜெனோவா கடைசியாக உட்கார்ந்தாள்.

படம் விட்டதும் டீச்சர் மூவரையும் தனியே நிறுத்தி விசாரித்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதானே நின்றேன் என்றாள் பேச்சி. அதில் பொய் இல்லை.

“அது நம்ம விசில் இல்ல டீச்சர். நம்மளோடது கரகரன்னுல்லா கேக்கும்” என்றாள் ஷமீமா. மற்றவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் தன்னிடம் கேட்கவில்லையே என்றாள்.

ஜெனோவா திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். “நானும் மொதல்ல ஏமாந்துட்டேன் டீச்சர். பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க, பேசிட்டேன்.”

டீச்சரின் கை பைக்குள் போனது. சட்டப்படி நின்றவள் ஒருத்தி, ஏமாறாமல் இருந்தவள் ஒருத்தி, ஏமாந்த பிறகு சட்டத்தை மீறியவள் ஒருத்தி. கைப்பட்டையோ ஒன்றுதான். அதை அவர் யார் கையில் கட்டியிருக்க வேண்டும்? பதிலைப் படிக்குமுன் நீங்களே ஒருத்தியைத் தேர்ந்துவிடுங்கள்.

ஜெனோவாவின் கையில்தான் கட்டினார். படத்துத் தளபதியாக இருந்தால் பேச்சிக்குக் கொடுத்திருப்பான். பாவம், அவளை அப்படிப் பழக்கியதே டீச்சர்தான். ஷமீமாவின் காது கெட்டிக்காரக் காது, ஆனால் அவளுக்குத் தெரிந்தது அவளோடு நின்றுவிட்டது. போன வருஷம் ஒருத்தி மட்டும் நிற்காமல் ஓடியிருந்தாலும் அந்தக் கோல் விழத்தான் செய்திருக்கும். தான் ஏமாந்ததை ஒப்புக்கொண்டு மற்றவர்களையும் திருப்பிக் கொண்டுவந்தவள் ஜெனோவா. வாய் திறக்கக் கூடாது என்ற சட்டத்தையும் டீச்சர் அன்றே எடுத்துவிட்டார். சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவே, கூட்டத்திலிருந்து மறுபடியும் ஒரு விசில் வந்தது. நடுவர் விசில் இல்லை என்று ஷமீமா கத்தினாள்; ஓடுங்கட்டி என்று ஜெனோவா கத்தினாள். பதினொரு பேரில் ஒருத்திகூட நிற்கவில்லை. தன் பிள்ளைகள் ஒரு விசிலுக்கு நிற்காமல் ஓடிய கதையைத்தான் செண்பகம் டீச்சர் இன்றைக்கும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.