பிலோமியின் வெள்ளைக் கவுன்

குரு என்றால் தாடி நரைத்திருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. மலையடிவாரத்துக் கிறிஸ்தவ ஆசிரமத்தில் இருந்த வியாகுல சுவாமிக்கு வயது முப்பத்தைந்து. அவருடைய சீடர் சேசடிமைக்கு அறுபது தாண்டிவிட்டது. சேசடிமை தையல்காரர். மனைவி இறந்தபின் தையல் மிஷினோடு ஆசிரமத்துக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை.

அன்று காலை ஊர்ப் பிள்ளை ஒருத்திக்குப் புதுநன்மைக் கவுன் தைத்துக்கொண்டிருந்தார். முதல் முறை நற்கருணை வாங்கும் பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு வேண்டும். அந்த வீட்டில் அதற்கு வசதி இல்லை.

கீழ் ஓரத்தை மடித்து அடித்து முடித்ததும் மிஷினை நிறுத்தினார். கவுனை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தார்.

“என்ன அண்ணாச்சி?” என்றார் சுவாமி.

“எம் மக பிலோமிக்கும் இதே மாதிரிதான் தச்சேன் சாமி. புதுநன்மைக்கு ஒரு வாரம் இருக்கையில காய்ச்சல்ல போயிட்டா. எட்டு வயசு. அந்தக் கவுனைப் போட்டுத்தான் அடக்கம் செஞ்சோம்.”

சுவாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கணும். மோட்சத்துல பிள்ளைங்க வளருமா?”

“ஏன் கேக்கிய?”

“வளந்திருந்தா எனக்கு அவளை அடையாளம் தெரியாது. வளரலைன்னா அவளுக்கு என்னைத் தெரியாது. அவ பாத்த அப்பனுக்கு முடி கருகருன்னு இருந்துச்சு. இனி அங்க போறது ஒண்ணுதான் எனக்குப் பாக்கி. அங்க போயும் அவளைப் பாக்காம நின்னுட்டேன்னா?”

எத்தனையோ வருடமாக அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. மகளை நினைக்காமல் அவர் ஒரு நாளும் ஊசியில் நூல் கோத்ததில்லை.

சுவாமி கவுனை எடுத்து, பிளேடால் ஓரத் தையலை அறுக்கத் தொடங்கினார்.

“என்ன சாமி செய்யுதிய! ஞாயித்துக்கிழமை பூசைக்கு வேணுமே!”

சேசடிமைக்குக் கோபமே வந்துவிட்டது. குருவாவது ஒன்றாவது, தைத்தவனுக்குத்தானே வலி தெரியும்.

சுவாமி நிறுத்தவில்லை. உள்ளே மடிந்திருந்த துணி நாலு விரல் அகலத்துக்கு இறங்கியது.

“எதுக்கு இவ்வளவு துணியை உள்ள வச்சிய?”

“வளர்ற பிள்ளைல்லா? அடுத்த வருசம் பிரிச்சு விட்டுக்கிடலாம்.”

“பிலோமி கவுன்ல?”

“அதுலயும் வச்சேன்.”

சுவாமி துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். மடிப்பு இருந்த இடம் கோடாகத் தெரிந்தது.

“இந்தக் கோடு போயிருமா?”

“போகாது. எத்தனை தடவை துவைச்சாலும் தெரியும்.”

“யாரு மடிச்சதுன்னு தெரியுமா?”

“என் கை மடிப்பு எனக்குத் தெரியாதா சாமி?”

“அவளுக்கு?”

சேசடிமை அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்தார். மெல்ல இழுத்துக்கொண்டே போனார்.

“நான் தைக்கையில மிஷினுக்குக் கீழதான் உக்காந்திருப்பா. நான் மடிச்சுக் குடுப்பேன். அவதான் நகத்தால இப்படி நீவி விடுவா. அந்தக் கவுனையும் அவதான் நீவுனா.”

சுவாமி கவுனை அவர் மடியில் திரும்ப வைத்தார்.

“வளந்திருந்தா இப்ப அவளே பிரிச்சு விட்டிருப்பா அண்ணாச்சி. கோடு இருக்கும்.”